சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன நாய்க்குட்டி: வாங்குவதற்கு முன் உங்கள் அறிவுரை வேண்டும்

செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் என் மகள் சென்ற ஆண்டிலிருந்து ஒரு சின்ன நாய்க்குட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வரும் பள்ளி விடுமுறையில் வாங்கித் தருவதாக நாங்களும் ஒப்புக்கொண்டுவிட்டோம். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் லயத்து வாசலில் எப்போதும் இரண்டு மூன்று நாய்கள் கிடக்கும். அப்பா பால் வெட்டப் போகும்போது கூடவே போய்விட்டுத் திரும்பும், மிச்சச் சோற்றைத் தின்னும், மழையில் நனையும். அவற்றை மருத்துவரிடம் கொண்டுபோன நினைவே எனக்கு இல்லை. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் குட்டிக்கு அந்த அனுபவம் கைகொடுக்காது என்று பலரும் சொல்வதால் இங்கே எழுதுகிறேன்.

இப்போது நாங்கள் தாமானில் ஒரு மாடி வரிசை வீட்டில் இருக்கிறோம். பின்பக்கக் கால்வாயைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். பகலில் அம்மா மட்டும் வீட்டில் இருப்பார். அவருக்கு வயது 71, முழங்கால் வலி உண்டு. வீடு முழுவதும் வழவழப்பான ஓடு பதித்த தரை. பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் ஈப்போவுக்குத்தான், ஏறத்தாழ 30 கிலோமீட்டர், போக வேண்டும்.

இணையத்தில் ஒருவர் ‘டீகப் பொமரேனியன்’ என்று ஒரு குட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறார். வயது ஏழு வாரம், வளர்ந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாது, விலை 2,800 வெள்ளி என்கிறார். முன்பணம் கட்டினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவாராம். படத்தைப் பார்த்ததிலிருந்து மகள் வேறு எதையும் பார்க்க மறுக்கிறாள். வாங்கலாமா?


கிந்தாக்கரை (ஈப்போ)

அண்ணா, தயவுசெய்து முன்பணம் கட்டாதீர்கள். நான் ஈப்போவில் ஒரு பிராணி மருத்துவமனையில் எட்டு ஆண்டுகளாக உதவியாளராக வேலை செய்கிறேன். இப்படி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த குட்டிகளை மூன்றாம் நாள் துண்டில் சுற்றி எங்களிடம் தூக்கிக்கொண்டு ஓடிவரும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் அந்த ‘டீகப்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அப்படி ஓர் இனம் கிடையாது. இன நாய்களைப் பதிவு செய்யும் பெரிய சங்கங்கள் எதுவும் அப்படி ஒரு பிரிவை ஏற்பதில்லை. அமெரிக்கச் சங்கத்தின் அளவின்படி பொமரேனியன் வளர்ந்தபின் 1.4 முதல் 3.2 கிலோ வரை இருக்க வேண்டும், சிவாவா 2.7 கிலோவுக்கு மேற்படக் கூடாது. யார்க்‌ஷயர் டெரியருக்கு 3.2 கிலோ மேல்வரம்பு. இந்த இனங்கள் ஏற்கெனவே மிகச் சிறியவை. அதற்கும் கீழே கொண்டுபோக வேண்டுமானால் ஈற்றிலேயே நோஞ்சானாகப் பிறந்த இரண்டை இணை சேர்க்கிறார்கள், அல்லது குட்டியைத் தாயிடமிருந்து முன்கூட்டியே பிரிக்கிறார்கள், அல்லது வயிற்றைக் காயப் போடுகிறார்கள், அல்லது ஐந்து வாரக் குட்டியை எட்டு வாரம் என்று பொய் சொல்லி விற்கிறார்கள். உச்சி மண்டை எலும்பு மூடாமல் இருப்பது, மூளையில் நீர் கோப்பது, கல்லீரலுக்குப் போக வேண்டிய இரத்தம் வேறு குழாய் வழியே விலகிப் போவது, கைக்குழந்தை விரல் தடிமன்கூட இல்லாத முன்னங்கால் எலும்பு முறிவது ஆகிய எல்லாமே இந்த மிகச் சிறிய உடலில்தான் அதிகம் வருகின்றன. மயக்க மருந்து கொடுப்பதற்கே மருத்துவர் தயங்குவார்.

இரண்டாவது வயது. சின்ன இனக் குட்டி 10 முதல் 12 வாரம் வரை தாயுடனும் கூடப் பிறந்தவற்றுடனும் இருப்பதே நல்லது. தானாகவே கெட்டியான உணவைத் தின்னப் பழகியிருக்கும், கடித்தால் வலிக்கும் என்பதையும் சகோதரக் குட்டிகளிடமிருந்து கற்றிருக்கும்.

மூன்றாவது, நேரில் போய்ப் பார்க்க வேண்டும், தாயையும் பார்க்க வேண்டும். தாய் இரண்டரைக் கிலோ என்றால் குட்டி ஒரு கிலோவில் நிற்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். தாயைக் காட்ட மறுப்பவரிடமும், கடை முகப்பில் சந்திக்கலாம், சாலையோரத்தில் சந்திக்கலாம் என்பவரிடமும் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

குட்டியைக் கையில் எடுத்தவுடன் நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் ஈறை விரலால் அழுத்தி விடுவேன். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். வாயைத் திறந்து மேலண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பார்ப்பேன். உச்சந்தலையில் விரல் நுனியை மெல்ல ஓட்டுவேன்; மெத்தென்று பள்ளம் தட்டினால் மருத்துவர் பார்க்காமல் வாங்கச் சொல்ல மாட்டேன். தொப்புளில் கொட்டைப்பாக்கு போலப் புடைப்பு உண்டா, விலா எலும்பு முள் முள்ளாகக் குத்துகிறதா, வயிறு மட்டும் உப்பியிருக்கிறதா (அது பெரும்பாலும் புழு) என்று தடவிப் பார்ப்பேன். வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கே ஈரமும் மஞ்சள் கறையும் இருந்தால் வயிற்றுப்போக்கு. பிறகு தரையில் விட்டு, சாவிக்கொத்தைப் பின்னால் போட்டு, திரும்பிப் பார்க்கிறதா, நான்கு கால்களையும் ஊன்றி ஓடி வருகிறதா, இல்லை ஒரு பின்னங்காலைத் தூக்கித் தூக்கித் துள்ளுகிறதா என்று கவனிக்க வேண்டும். அந்தத் துள்ளலைப் பலர் விளையாட்டு என்று நினைப்பார்கள். முழங்கால் சில்லு இடம் விட்டு நழுவும்போதும் நாய் அப்படித்தான் துள்ளும்.


மல்லிகைப்பந்தல் (பத்து காஜா)

கிந்தாக்கரை சொன்ன எல்லாவற்றையும் வழிமொழிகிறேன். ஆனால் எந்த இனம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, அதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நம் ஊர் வெயிலை முதலில் நினையுங்கள். பிற்பகலில் 33, 34 பாகை, கூடவே புழுக்கம். நாய்க்கு நம்மைப் போல உடலெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகவே முகம் சப்பையான இனங்களுக்கு இந்தச் சூடு மிகவும் துன்பம். ஷிட்சு அன்பான நாய்தான், குழந்தைகளுடன் ஒட்டும், எடையும் 4 முதல் 7 கிலோ வரை இருப்பதால் எலும்பு கொஞ்சம் உறுதி. ஆனால் மூக்குத் துவாரம் கோடு போலச் சுருங்கிய குட்டியை வாங்கிவிட்டால் ஆண்டு முழுவதும் குளிர்சாதனம் ஓட வேண்டியிருக்கும். பொமரேனியனுக்கு முகம் அவ்வளவு சப்பை இல்லை, ஆனால் இரண்டு அடுக்கு உரோமம். வெயில் என்று எண்ணி அதை ஒட்டச் சிரைத்துவிடாதீர்கள். சில நாய்களுக்கு அந்த உரோமம் திரும்பச் சரியாக வளர்வதில்லை, தோலும் வெயிலில் காய்ந்துபோகும். அன்றாடம் சீவி, அடி உரோமத்தை எடுத்துவிடுவதே வழி.

என் வீட்டில் டாய் பூடில். உரோமம் உதிர்வது மிகவும் குறைவு, சொன்னதைப் பிடித்துக்கொள்ளும் அறிவு, முகமும் நீளம். அதற்குரிய விலையும் உண்டு: நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை முடி வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் சடை பிடித்து அடித்தோல் புண்ணாகும். மினி பின்சர் குட்டை உரோமம் உள்ளது, சூட்டைத் தாங்கும். ஆனால் வேலிக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடிவிடும் துடிப்பு அதற்கு.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை, சிவாவாவும் மிகச் சிறிய பொமரேனியனும் வேண்டாம் என்பதுதான். அதற்குக் காரணம் உங்கள் மகளைவிட உங்கள் தாயார்தான். முழங்கால் வலியோடு மெல்ல நடக்கும் ஒருவர் காலடியில் ஒன்றரைக் கிலோ நாய் ஓடுவது இருவருக்குமே ஆபத்து. நாய் மிதிபடும், அம்மா தடுமாறி விழுந்தால் அதைவிடப் பெரிய துன்பம். மூன்று கிலோவை நெருங்கும் பூடில் ஒன்றைப் பாருங்கள், கழுத்தில் சின்ன மணி ஒன்றையும் கட்டுங்கள்.


மாலதிவீடு (பீடோர்)

தம்பி, உங்கள் பதிவில் பகலில் அம்மா மட்டும் இருப்பார் என்று படித்ததும் எனக்கு நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது. யாரையும் பயமுறுத்த எழுதவில்லை. தெரிந்திருந்தால் அன்று நான் அப்படித் தவித்திருக்க மாட்டேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கடையில் ஒன்பது வாரம் என்று சொல்லி யார்க்‌ஷயர் குட்டி ஒன்றை வாங்கினோம். எடை 640 கிராம். கடைக்காரர் ஒரு பொட்டலம் தீனியைக் கொடுத்து, காலையும் மாலையும் வைத்தால் போதும் என்றார், நாங்களும் அப்படியே செய்தோம். நான்காம் நாள் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு. வீடு திரும்ப இரவு பதினொன்றாகிவிட்டது. குட்டி தூங்கிக்கொண்டிருந்ததால் எழுப்பவில்லை. தட்டில் தீனி அப்படியே இருந்ததையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலை ஐந்தரைக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தபோது பெட்டியில் ஒருக்களித்துக் கிடந்தது. பெயர் சொல்லி அழைத்தேன், காது கூட அசையவில்லை. தூக்கினால் தலை என் மணிக்கட்டில் தொங்கியது. காது மடலும் பாதமும் குளிர்ந்து போயிருந்தன. ஈறு வெளிறிச் சாம்பல் பூத்தாற்போல இருந்தது. முன்னங்கால் மட்டும் இடைவிட்டு இடைவிட்டுத் துடித்தது. செத்துவிட்டது என்றே அழுதுவிட்டேன். என் கணவர்தான் தெரிந்த ஒரு மருத்துவருக்கு அழைத்தார். நல்ல வேளையாக எடுத்தார். தேன் இருக்கிறதா என்று கேட்டார். விரலில் தேனைத் தொட்டு ஈறிலும் நாக்கின் அடியிலும் தேய்க்கச் சொன்னார், வாயில் ஊற்றவே கூடாது, விழுங்க முடியாத நிலையில் நுரையீரலுக்குப் போய்விடும் என்றார். துண்டில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் மூடிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உடனே புறப்படச் சொன்னார். வாகனத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தேய்த்துக்கொண்டே போனேன். தாப்பாவைத் தாண்டியபோது நாக்கை ஒரு முறை நீட்டி விரலை நக்கியது. அந்த ஈரம் இன்னும் என் விரலில் இருப்பது போலத்தான் இருக்கிறது.

மருத்துவமனையில் சர்க்கரையை அளந்தார்கள். 60க்கு மேல் இருக்க வேண்டியது 31 இருந்தது. சின்ன இனக் குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு, உடலோ சூட்டை வேகமாக இழக்கிறது, எனவே சில வேளை உணவு தவறினாலே இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இப்போது அதற்கு ஆறு வயது, இதை எழுதும்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறது.

அதன் பிறகு நான் கடைப்பிடித்தது: நான்கு மாதம் ஆகும்வரை காலை ஆறு மணி முதல் இரவு பதினொரு மணி வரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை உணவு. ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை. தேன் புட்டி ஒன்று குளிர்பெட்டி மேல், இன்னொன்று கைப்பையில். குட்டி தள்ளாடினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கினாலோ, வெறித்துப் பார்த்தாலோ யோசிக்காமல் தேன். உங்கள் அம்மாவுக்கு இந்த ஒன்றை மட்டும் கையைப் பிடித்துச் செய்து காட்டிவிடுங்கள், தம்பி.


செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட்)

மிக்க நன்றி, அக்கா. உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விற்பவரிடம் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். தாய் ‘வெளியூரில்’ இருக்கிறது என்று சொன்னார், பிறகு பதிலே இல்லை. அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

உணவைப் பற்றி ஒரு கேள்வி. அம்மா சோறும் கோழி ரசமும் பிசைந்து கொடுக்கலாம், நம் நாய்கள் அதைத் தின்றுதானே பதினான்கு ஆண்டு வாழ்ந்தன என்கிறார். கடைத் தீனி இவ்வளவு தேவையா?


கிந்தாக்கரை (ஈப்போ)

அம்மா சொல்வதைத் தவறு என்று தள்ள மாட்டேன், அண்ணா. சோறு நஞ்சல்ல, வேகவைத்த கோழி நல்ல உணவு. ஆனால் அந்த நாய்கள் சோற்றோடு எலியும் தவளையும் தோட்டத்தில் கிடைத்ததையும் தின்று குறையை நிரப்பிக்கொண்டன. உங்கள் குட்டியின் வயிறு ஓர் எலுமிச்சம்பழ அளவு. ஒரு கிலோ எடையுள்ள நாய் சும்மா படுத்திருப்பதற்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 கலோரி வேண்டும், வளரும் குட்டிக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. சோற்றில் அந்த அளவை எட்டுவதற்குள் வயிறு நிறைந்துவிடும், சுண்ணாம்புச் சத்தும் போதாது. எனவே சின்ன இனக் குட்டிகளுக்கென்று உள்ள சிறு உருண்டைத் தீனியை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். அதன் மேல் ஒரு தேக்கரண்டி வேகவைத்த கோழியைப் பிய்த்துப் போடுவதில் தவறில்லை. முதல் இரண்டு வாரமாவது முந்தைய வீட்டில் தின்ற அதே தீனியைத் தொடருங்கள். தனியாகக் கால்சியம் மருந்து வேண்டாம், பசும்பால் வேண்டாம்.

ரசத்தில்தான் சிக்கல். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். மூன்று கிலோ நாய்க்கு அதற்கு அதிக அளவு தேவையில்லை. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கேசரியும் பாயசமும் செய்யும் நாளில் தரையில் விழுவதைக் கவனியுங்கள். சாக்லெட், மைலோ, சர்க்கரை இல்லாத சூயிங்கம், வெந்த கோழி எலும்பு எதுவும் கூடாது. உடம்பு சுடுகிறதே என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள்; நாயின் இயல்பான சூடே 38.3 முதல் 39.2 பாகை, நம் கைக்கு எப்போதும் காய்ச்சல் போலத்தான் இருக்கும்.


பழையகிராணி (சுங்கை சிப்புட்)

தம்பி, உங்கள் பின்வேலிக்கு அப்பால் செம்பனை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முப்பத்திரண்டு ஆண்டு தோட்டத்தில் கிராணியாக இருந்தவன், அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

செம்பனைப் பழத்தை எலி தின்னும், அதனால் எலி நஞ்சு வைப்பார்கள். மெழுகுக் கட்டியாக, மரத்துக்கு ஒன்று என்று மரத்தடியில் வைத்துப் போவார்கள்; தின்றுபோன இடத்தில் மறுபடி வைப்பார்கள். ஆந்தைக் கூண்டு வைத்துப் பறவையையே நம்பும் தோட்டங்களும் உண்டு, ஆனால் உங்கள் பக்கத்துத் தோட்டம் எது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்வது. நாய் தின்ற அன்று நன்றாகவே ஓடியாடும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் சோர்வு, வெளிறிய ஈறு, மூச்சுத் திணறல், மூக்கில் இரத்தம் என்று காட்டும். கட்டியை நேராகக் கடித்தாலும், நஞ்சு தின்ற எலியைக் கடித்தாலும் ஆபத்துதான். தின்றதைக் கண்ணால் பார்த்தால், அறிகுறிக்காகக் காத்திராமல், கட்டியின் உறை கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். மாற்று மருந்து வைட்டமின் கே1. பல வாரம் கொடுக்க வேண்டிவரும், ஆனால் நேரத்தோடு போனால் காப்பாற்றலாம்.

எலியால் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் சிறுநீர் கலந்த கால்வாய்த் தண்ணீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் மனிதருக்கும் தொற்றும். ஆகவே நாயின் தண்ணீர்க் கிண்ணத்தை இரவில் வெளியே வைக்காதீர்கள்.

மழை விட்ட இரவில் வாசலுக்குத் தேரை வரும். குட்டி அதைக் கவ்வி நுரை தள்ளினால், தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, ஈரத் துணியால் வாயின் உட்புறத்தை வெளிநோக்கித் துடைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மலைப்பாம்பும் நாகமும் கால்வாய் வழியே வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்று கிலோ நாயை மலைப்பாம்பு விழுங்கிவிடும். பின்வேலியின் அடியில் இரண்டடி உயரத்துக்குச் சிறு கண் வலை அடியுங்கள். இருட்டிய பின் நாயைத் தனியாகப் பின்பக்கம் விடவே வேண்டாம்.


மல்லிகைப்பந்தல் (பத்து காஜா)

ஐயா சொன்னதோடு உண்ணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் பழுப்பு உண்ணி பரப்புவது. சாப்பிட மறுத்தல், மூக்கில் இரத்தம், ஈறில் சிவப்புப் புள்ளி என்று வரும். காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டையின் அடி, கால் விரல் இடுக்கு இவற்றை அன்றாடம் விரலால் தடவிப் பாருங்கள், மிளகு போல் தட்டுப்படும். மருந்து கட்டாயம் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரிய நாயின் மாத்திரையை நாலாக உடைத்துக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும், மிகவும் தவறு. கொசுவால் வரும் இதயப் புழுவுக்கு மாதந்தோறும் மருந்து உண்டு, அதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.


ஆற்றங்கரைமரம் (கூலிம்)

ஒரு வேறுபட்ட கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். நம் தோட்டங்களிலும் கடைவீதிகளிலும் எத்தனை குட்டிகள் ஆளில்லாமல் திரிகின்றன! அவற்றில் ஒன்றை எடுத்து வளர்த்தால் 2,800 வெள்ளியும் மிஞ்சும், ஓர் உயிரும் பிழைக்கும். முழங்கால் சில்லு நழுவும் என்று அறிந்தே ஓர் இனத்தைப் பணம் கொடுத்து வாங்குவது எனக்கு மனத்துக்கு ஒப்பவில்லை.


கிந்தாக்கரை (ஈப்போ)

உங்கள் கவலை எனக்கும் உண்டு, என் வீட்டில் இருப்பவை இரண்டும் தெருவிலிருந்து வந்தவைதான். அண்ணாவின் வீட்டில் முதியவர் இருக்கிறார் என்பதால் 15 கிலோ நாயின் இழுப்பையும் பாய்ச்சலையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது: சின்ன இன நாய்களைக் கூட, வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்துவிட்டது என்று கைவிடுகிறார்கள். பிராணிக் காப்பகங்களில் கேட்டுவிட்டு, பிறகு வளர்ப்பாளரிடம் போங்கள், அண்ணா. ஓரிரு வயதான நாயானால் சர்க்கரை இறங்கும் பயமும் பெரும்பாலும் தாண்டியிருக்கும்.

அப்படியே தடுப்பூசியையும் முடித்துவிடுகிறேன். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் ஆகும்வரை. டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி இவற்றுக்கு எல்லாருமே போடுவார்கள். உங்கள் ஊருக்கு லெப்டோஸ்பைரோசிஸ் ஊசியையும் கேட்டுப் போடுங்கள். சின்ன நாய் என்று பாதி மருந்து போடச் சொல்லாதீர்கள், பாதி மருந்தில் பாதுகாப்பு வராது. ஒவ்வாமை சின்ன நாய்களுக்குச் சற்று அதிகம் வருவதால், ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார்ந்திருந்து முகம் வீங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. ஊசி முடியும்வரை பொது இடத்து மண்ணில் இறக்காதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும், சாதாரணத் தரை கழுவும் மருந்துக்குச் சாகாது. ஒரு பங்கு குளோராக்ஸுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவினால்தான் சாகும். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கவும் வேண்டாம். தூக்கிக்கொண்டு போய்ப் பேருந்துச் சத்தம், பள்ளிப் பிள்ளைகள், கோயில் மேளம் எல்லாவற்றையும் காட்டுங்கள். மூன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் பார்த்துப் பழகாததற்கு அது வாழ்நாள் முழுவதும் குரைத்துக்கொண்டிருக்கும்.

வெறிநாய்க்கடி நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017இல் சரவாக்கிலும் தலைகாட்டியது, ஆகவே அந்த ஊசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உரிமம் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். உங்கள் பகுதிக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகம். விலங்கு நலச் சட்டம் 2015, 2017 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பட்டினி போட்டுக் குட்டியைச் சிறிதாக வைத்திருப்பவர்களைக் கண்டால் கால்நடை சேவை இலாகாவுக்குப் புகார் செய்யலாம், செய்யவும் வேண்டும்.


மாலதிவீடு (பீடோர்)

இரண்டு சின்னச் செய்திகள், தம்பி. கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டி இழுக்காதீர்கள். இந்த இனங்களுக்கு மூச்சுக்குழாய் வளையம் மெலிந்தது, நாளடைவில் வாத்து கத்துவது போன்ற இருமல் வந்துவிடும். மார்போடு சுற்றிக் கட்டும் வாரை வாங்குங்கள். ஓட்டுத் தரையில் ரப்பர் விரிப்பைப் போடுங்கள், நாற்காலியிலிருந்து குதிக்க விடாதீர்கள். மகள் தரையில் உட்கார்ந்த பிறகே குட்டியை மடியில் எடுக்க வேண்டும் என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். நான் கேள்விப்பட்ட முன்னங்கால் முறிவுகள் பெரும்பாலும் பிள்ளைகளின் கையிலிருந்து நழுவி விழுந்தவை.

பால் பல் 28ம் நான்கு முதல் ஏழு மாதத்துக்குள் விழுந்து 42 பல் முளைக்க வேண்டும். கோரைப்பல் இரட்டையாக நின்றுவிட்டால், கருத்தடை செய்யும் அன்றே அதே மயக்கத்தில் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.


செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட்)

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஆற்றங்கரைமரம் ஐயா சொன்னபடி முதலில் இரண்டு காப்பகங்களில் கேட்டோம். அப்போது அங்கே சின்ன இன நாய் இல்லை. பிறகு ஈப்போவில் ஒரு வளர்ப்பாளர் வீட்டுக்கு மூன்று முறை போனோம். தாய் பூடில் 3.1 கிலோ, ஓடி வந்து மகளின் கையை நக்கியது. மொத்தம் நான்கு குட்டிகள். மகள் மிகச் சிறியதைத்தான் முதலில் தூக்கினாள். கிந்தாக்கரை சொன்னது போல நான் ஈறை அழுத்தினேன், சாவிக்கொத்தைப் போட்டேன். அந்தக் குட்டி திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது. பழுப்பு நிற ஆண் குட்டி ஒன்று மட்டும் நாலு காலில் ஓடிவந்து சாவியைக் கவ்விக்கொண்டு போனது. அதைத்தான் எடுத்தோம். பன்னிரண்டாம் வாரத்தில் வீட்டுக்கு வந்தது, எடை 1.3 கிலோ.

வந்த நாளிலிருந்து அம்மா குளிர்பெட்டியின் பக்கத்தில் தொங்கும் நாள்காட்டித் தாளில் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு போடுகிறார். ஐந்தாம் கோடு இரவு பதினொன்றுக்கு. தேன் புட்டி சாமி மாடத்துக்குக் கீழே இருக்கிறது. மூன்று வாரமாகிவிட்டது, இன்று காலை எடை 1.71 கிலோ. வலையும் அடித்துவிட்டேன், கிராணி ஐயா. பக்கத்துத் தோட்டத்தில் எலிக் கட்டி வைப்பதாகவே விசாரித்ததில் தெரிந்தது.

ஒரே ஒரு சந்தேகம். நேற்று முதல் காலை உணவில் கால் பங்கை மிச்சம் வைக்கிறது, ஆனால் விளையாட்டில் குறைவில்லை, மலமும் கெட்டியாக இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?


கிந்தாக்கரை (ஈப்போ)

எடை ஏறிக்கொண்டிருக்கிறது, விளையாடுகிறது, மலம் சரியாக இருக்கிறது என்றால் இது பெரும்பாலும் பல்தான், அண்ணா. பதினைந்து பதினாறு வாரத்தில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். கீழ் உதட்டை விலக்கிப் பாருங்கள், ஈறு சிவந்து தடித்திருக்கும். தீனியை இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஊறவையுங்கள். மிச்சம் பாதியைத் தாண்டினால், அல்லது இரண்டு வேளை தொடர்ந்து தின்ன மறுத்தால், அன்றே கொண்டுவாருங்கள். இந்த வாரக் கடைசி ஊசிக்கு வரும்போது அம்மாவின் நாள்காட்டித் தாளையும் எடுத்து வாருங்கள், எங்கள் மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும்.